ஒற்றைத் தாளம்

வணக்கம் ஐயா,
சூரிச்சில் வசிக்கிறேன். மகனுக்குப் பள்ளியில் 'ஷெல்லென்-உர்ஸ்லி' என்ற படக்கதைப் புத்தகத்தை வாசித்துக் காட்டினார்கள். ஒரு ஜெர்மன் எழுத்தாளரின் சின்னக் கதைக்கு இங்கே ஏன் இத்தனை மவுசு? விடாமுயற்சியைப் போதிப்பதாலா? வீட்டில் இதைத் தமிழில் சொன்னால் பிள்ளை குழம்புவானா?
ச.

அன்புள்ள ச.,
ஒரு வாரமாக அந்தப் புத்தகம்தான் என் மேசையில் கிடக்கிறது, அதனால்தான் உடனே எழுதுகிறேன். முதலில் ஒரு குட்டு. இதை எழுதிய செலினா கோன்ஸ் ஜெர்மன்காரி அல்ல. சுவிட்சர்லாந்தின் எங்கடீன் பள்ளத்தாக்கில் சமேடன் ஊர்க்காரர், ரொமான்ஷ் மொழிக்காரர். நீங்கள் குடியிருக்கும் நாட்டின் நான்காவது தேசிய மொழி அது, 1938இல் மக்களே வாக்களித்துக் கொடுத்த இடம். 1945இல் வந்த இந்தப் பையனுக்கு ரொமான்ஷில் உவோர்சின் என்று பெயர். உர்ஸ்லி என்றாலும் உவோர்சின் என்றாலும் குட்டிக் கரடிதான். படம் போட்ட அலோய்ஸ் கரிஜெட்டுக்கு 1966இல் சிறுவர் நூல்களுக்கான ஆண்டர்சன் விருது கிடைத்தது, ஊரெல்லாம் அவர் பெயரைச் சொல்கிறது. எழுதியவளுக்கோ நீங்களே மொழியை மாற்றிவிட்டீர்கள்.

அப்புறம், விடாமுயற்சியாம்! அந்தப் பள்ளத்தாக்கில் மார்ச் 1 அன்று பையன்கள் மணியடித்துக் குளிர்காலத்தைத் துரத்துவார்கள். உர்ஸ்லிக்கு வாய்த்தது இருப்பதிலேயே சின்ன மணி, கூடவே கேலி. அந்த அவமானம்தான் கதை. மலைக்குடிலில் தொங்கும் பெரிய மணிக்காக யாரிடமும் சொல்லாமல் பனியில் ஏறிப்போய் அங்கேயே தூங்கிவிடுகிறான், வீட்டில் பெற்றவர்கள் இரவெல்லாம் தவிக்கிறார்கள். இதில் போதனை எங்கே இருக்கிறது? திரும்பி வந்தவனுக்கு அம்மா மரோனி என்கிற செஸ்ட்நட் கொட்டையும் கடைந்த க்ரீமும் வைக்கிறாள், அவ்வளவுதான்.

எட்டு வயதில் மார்கழி பஜனைக்குப் போனேன். சேகண்டியைப் பெரிய பையன்கள் எடுத்துக்கொண்டார்கள், எனக்குக் கயிறறுந்த ஒற்றைத் தாளம். ஒற்றைத் தாளத்தை எதில் தட்டுவது? கோபித்துக்கொண்டு வைக்கோல் போருக்குள் போய்ப் படுத்தவன் வெயிலேறித்தான் எழுந்தேன். அதற்குள் தெருவே கிணறு கிணறாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா முதுகில் ஒன்று வைத்தாள், அப்புறம் பழைய சோறும் சுண்டக்குழம்பும் வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை தலையிலிருந்து வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

சரி, குழம்புவானா என்று கேட்டீர்கள். மாட்டான், சொல்லுங்கள். மரோனிக்குத் தமிழில் என்ன என்று கேட்டுத் தொல்லை செய்தால், குளிர்காலத்தில் உங்கள் ஊர்த் தெருவில்தான் சுடச்சுட வறுத்து விற்கிறார்களே, ஒரு பொட்டலம் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுக் கதையைத் தொடருங்கள்.