15 வயது ஸ்ட்ரைக்கரை சீனியர் அணிக்கு அனுப்பலாமா?

ஒரு கால்பந்து கிளப்பின் இளையோர் பிரிவைக் கவனித்துக்கொள்பவர் எழுதியிருக்கிறார். அவர்களுடைய 16 வயதுக்குட்பட்டோர் அணியில் 15 வயது ஸ்ட்ரைக்கர் ஒருவன் ஆட்டத்துக்கு இரண்டு மூன்று கோல் அடிக்கிறான். சீனியர் பயிற்சியாளர் அவனை இப்போதே கேட்கிறார். பையனின் அப்பாவோ, தராவிட்டால் வேறு கிளப்புக்குப் போய்விடுவோம் என்கிறார். அதே அணியில் 14 வயது மிட்ஃபீல்டர் ஒருவனும் இருக்கிறான், பந்து அவன் சொன்ன பேச்சைக் கேட்கும், ஆனால் ஆள் சின்னது, ஒவ்வொரு மோதலிலும் கீழே விழுகிறான், அடுத்த சீசனுக்கு அவனை வைத்துக்கொள்வதா என்று கிளப்பில் யோசிக்கிறார்கள். இரண்டு பையன்களையும் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

நேராகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரைக்கரை முழுசாக சீனியர் அணிக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள், அதற்காக இருக்கிற இடத்திலேயே கோல் அடித்துக்கொண்டு இருக்கட்டும் என்றும் விட்டுவிடாதீர்கள். மிட்ஃபீல்டரை எக்காரணம் கொண்டும் அனுப்பாதீர்கள். இரண்டு முடிவுக்கும் காரணம் ஒன்றே: இந்த வயதில் ஒரு பையன் மற்றவர்களைவிடச் சிறப்பாக ஆடுகிறான் என்றால், அதில் எவ்வளவு திறமை, எவ்வளவு சீக்கிரம் வளர்ந்துவிட்ட உடம்பு என்று பிரித்துப் பார்க்காமல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

பையன்களுக்கு உயரம் மிக வேகமாகக் கூடும் கட்டம் சராசரியாக 14 வயதை ஒட்டி வருகிறது. ஆனால் அது சராசரிதான். ஒருவனுக்கு 12-லேயே வந்துவிடும், இன்னொருவனுக்கு 16 ஆகும். ஆக ஒரே பிறந்த வருடத்தைச் சேர்ந்த இரண்டு பேர் உடலளவில் நான்கு வருட வித்தியாசத்தோடு ஒரே மைதானத்தில் நிற்கலாம். இதோடு பிறந்த மாதக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. வயதுப் பிரிவு ஜனவரியில் தொடங்கினால் ஜனவரிப் பையன் டிசம்பர்ப் பையனைவிட ஏறத்தாழ ஒரு வருடம் மூத்தவன். உலகம் முழுக்க இளையோர் அணிகளை எண்ணிப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் கண்டது, வயதுப் பிரிவு கணக்கிடும் ஆண்டின் முதல் சில மாதங்களில் பிறந்தவர்களே அங்கே அளவுக்கு மீறி நிறைந்திருக்கிறார்கள் என்பதுதான். டிசம்பரில் பிறந்தால் திறமை குறைந்துவிடுமா என்ன? நம் கண்தான் பெரிய பையனைப் பார்த்ததும் நல்ல ஆட்டக்காரன் என்று எழுதிக்கொள்கிறது.

அதனால் முதல் வேலையாக ஒரு அளவுகோலை எடுங்கள். மாதம் ஒருமுறை, அதே நேரத்தில், முடிந்தால் காலையில், நின்ற உயரம், உட்கார்ந்த உயரம், எடை மூன்றையும் எல்லாப் பையன்களுக்கும் குறித்துவையுங்கள். மாதத்துக்கு 0.6 சென்டிமீட்டருக்கு மேல் தொடர்ந்து வளர்கிறவன் அந்த வேகக் கட்டத்தில் இருக்கிறான் என்று எடுத்துக்கொள்ளலாம். பெற்றோர் இருவரின் உயரமும் தெரிந்தால் காமிஸ்-ரோச் முறைப்படி அவனுடைய முழு வளர்ந்த உயரத்தை ஓரளவு கணிக்கலாம். அதில் இப்போது எத்தனை சதவீதம் எட்டியிருக்கிறான் என்பது பிறந்த தேதியைவிட உங்களுக்கு உபயோகமான எண். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கிளப்புகளின் அகாடமிகள், அதாவது இளையோர் பயிற்சிப் பிரிவுகள், இந்தச் சதவீதத்தை வைத்துப் பையன்களைப் பிரித்துத் தனிப் போட்டிகளே நடத்தியிருக்கின்றன. எல்லோரையும் வென்று பழகிய பெரிய பையன் அங்கே தன் அளவுள்ளவர்களிடம் முதல்முறையாகத் திணறுகிறான், சின்னப் பையனுக்கோ பந்தை வைத்துக்கொண்டு யோசிக்க நேரம் கிடைக்கிறது.

இப்போது உங்கள் ஸ்ட்ரைக்கரின் கோல்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். எத்தனை கோல், டிஃபெண்டர்களுக்குப் பின்னால் தூக்கிப் போட்ட பந்தை ஓடிப் பிடித்து அடித்தவை? அவற்றைக் கழித்துவிட்டால் என்ன மிச்சம்? முதுகைக் கோலுக்குக் காட்டி நின்று பந்தை வாங்கத் தெரியுமா, வாங்குவதற்கு முன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறானா, பலவீனமான காலால் பாஸ் கொடுப்பானா, பந்து பறிபோனதும் என்ன செய்கிறான்? வேகம் மட்டுமே என்றால் இன்னும் இரண்டு வருடத்தில் மற்றவர்களும் வளர்ந்து அவனை எட்டிப்பிடித்துவிடுவார்கள், அன்றைக்கு அவனிடம் வேறு ஆயுதம் இருக்காது. இப்படிக் காணாமல் போகிற பையன்கள்தான் அதிகம், அவர்களைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை.

அவனுக்குச் சிரமம் தேவை, ஆனால் அளந்து கொடுக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் 18 வயதுக்குட்பட்டோருடன் பயிற்சி, எப்போதாவது ஒரு நாள் சீனியர்களோடு. வாரக் கடைசி ஆட்டம் பெரும்பாலும் தன் பிரிவிலோ ஒரு படி மேலேயோ இருக்கட்டும். தன் பிரிவில் ஆடும்போது அவனைச் சில ஆட்டங்கள் நடு மைதானத்தில் போடுங்கள், அங்கே எல்லாப் பக்கமிருந்தும் ஆள் வரும், ஓடித் தப்பிக்க இடமிருக்காது. பயிற்சியில் இரண்டு டச்சுக்குள், அதாவது இரண்டு முறை தொடுவதற்குள், பந்தை விட வேண்டும் என்று கட்டுப்பாடு வையுங்கள். கோல் எண்ணிக்கை குறையும். குறையட்டும், அதை அவனிடமும் அவன் அப்பாவிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் தண்டனை என்று நினைத்துக்கொள்வார்கள். பெரியவர்களோடு ஆடும்போது அவன் அணியில் கடைக்குட்டி, தன் பிரிவுக்கு வந்தால் தலைவன். இரண்டு அனுபவமும் வேண்டும்.

சீனியர் அணியில் முதல் ஆட்டம் எப்போது? அவன் உடம்பு தயார், பயிற்சியில் பெரியவர்களின் வேகத்துக்குப் பந்தைக் கையாள்கிறான் என்று தெரிந்த பிறகு, அணி நிம்மதியான நிலையில் இருக்கும் ஓர் ஆட்டத்தின் கடைசி 15 நிமிடம். தோல்வி முகத்தில் இருக்கும் அணியைக் காப்பாற்ற 15 வயதுப் பையனை இறக்குவதைப் போல ஒரு கொடுமை கிடையாது. அப்புறம், அடுத்த வாரமே அவன் தன் பிரிவுக்குத் திரும்பி வருவான் என்பதையும் இறக்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

சீக்கிரம் இறங்கி ஜெயித்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். மெஸ்ஸி பார்சிலோனாவுக்காக லீக்கில் இறங்கியது 2004-ல், 17 வயதில். ஆனால் அதே 2004-ல்தான் ஃப்ரெடி அடு 14 வயதில் அமெரிக்காவின் எம்எல்எஸ் லீக்கில் இறக்கப்பட்டார். அடுத்த பெலே என்றார்கள், பிறகு நாடு நாடாகக் கிளப் மாறிக்கொண்டே இருந்தார், எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. எனக்கு இவர்கள் இருவரையும்விட நார்வேயின் மார்ட்டின் ஓடகார்டின் கதைதான் உங்கள் கிளப்புக்கு உபயோகமாகத் தெரிகிறது. 2015-ல் 16 வயதில் ரியல் மாட்ரிட் வாங்கியது. நேராக முதல் அணியில் நிலைக்க முடியவில்லை. நெதர்லாந்தில் ஹீரன்வீன், விட்டெஸ், அப்புறம் ஸ்பெயினில் ரியல் சோசியடாட் என்று லோனில், அதாவது தற்காலிகமாக வேறு கிளப்புக்கு ஆட, போய் வாராவாரம் ஆடினார், 2022-ல் இங்கிலாந்தின் ஆர்சனலின் கேப்டன் ஆனார். பெயர் பெரிய கிளப்பில் இருந்ததைவிட, ஆட கிடைத்த நிமிடங்கள்தான் அவரை ஆட்டக்காரர் ஆக்கின. குரோஷியாவின் மோட்ரிச்சும் 18 வயதில் போஸ்னியாவின் ஸ்ரின்ஸ்கி மொஸ்தாருக்கு லோனில் போனவர்தான். பின்னால் உங்கள் பையனையும் லோனில் அனுப்ப நேர்ந்தால், போகிற கிளப்பின் பயிற்சியாளருக்கு அவன் வேண்டுமா, எந்த இடத்தில் ஆட வைப்பார் என்று கேட்காமல் அனுப்பாதீர்கள். பெஞ்சில் உட்கார அவன் வேறு ஊர் போக வேண்டியதில்லை.

இனி சுமையைப் பற்றி. இதில்தான் கிளப்புகள் மிக மோசமாகக் கோட்டை விடுகின்றன. நல்ல பையனை எல்லோரும் கேட்பார்கள்: பள்ளி அணி, மாநில அணி, சீனியர் அணி, போதாததற்குத் தனிப் பயிற்சியாளர். ஒவ்வொருவரும் தங்கள் பங்கை மட்டும் பார்க்கிறார்கள், மொத்தத்தை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஸ்பெயினின் பெட்ரி 2020-21 சீசனில் கிளப்புக்கும் நாட்டுக்குமாக 70-க்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார், அப்போது அவருக்கு 18 வயது. ஐரோப்பிய நாடுகளின் யூரோ கோப்பை முடிந்த கையோடு ஒலிம்பிக்ஸ். அடுத்த சீசனின் பெரும்பகுதி தொடைத் தசைக் காயத்தில் போனது. இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் மைக்கேல் ஓவனுக்கு 19 வயதில், 1999-ல், தொடையின் பின்தசை கிழிந்தது. அதற்குப் பிறகு பழையபடி ஓட முடியவில்லை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அவ்வளவு மருத்துவ வசதி உள்ள இடத்திலேயே இப்படி என்றால் நீங்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

வளரும் கட்டத்தில் எலும்பு முந்திக்கொள்ளும், தசைநார் பின்னால் வரும். தசைநார் எலும்பைப் பற்றியிருக்கும் வளர் முனைகளில் இழுவிசை கூடும். முழங்காலுக்குக் கீழே, குதிகாலில், கீழ் முதுகில் வலி என்று பையன் சொன்னால் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். ஓட்டத்தையும் தாவலையும் குறைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். முதுகு வலி இரண்டு மூன்று வாரம் நீடித்தால் கண்டிப்பாகக் காட்ட வேண்டும், அழுத்தத்தால் எலும்பில் விரிசல் இருக்கலாம். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவன் திடீரென்று காலைச் சரியாக வைக்கத் தெரியாதவன்போல ஆவதும் இந்தக் கட்டத்தில் சகஜம், சில மாதங்களில் சரியாகிவிடும், அந்த நேரத்தில் அவனை மதிப்பிட்டு முடிவெடுக்காதீர்கள்.

விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. வாரத்துக்கு மொத்தப் பயிற்சி மற்றும் ஆட்ட மணிநேரம் அவன் வயதைத் தாண்டக் கூடாது, 15 வயதுக்கு 15 மணிநேரம், எல்லா அணிகளையும் சேர்த்து. வாரம் ஒரு நாளாவது முழு ஓய்வு. தூக்கம் 8 முதல் 10 மணிநேரம். பயிற்சிக்கு முன், உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் 11+ என்ற வார்ம்-அப்பை ஒழுங்காகச் செய்ய வையுங்கள். 20 நிமிடம், செலவே இல்லை, தொடர்ந்து செய்யும் அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கின்றன. பெண்கள் அணியும் இருந்தால் அங்கே இது இன்னும் முக்கியம், முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் (ஏசிஎல்) கிழிவது பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

சின்ன மிட்ஃபீல்டர் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு அவன்மேல்தான் அக்கறை அதிகம். இங்கிலாந்தின் ஜேமி வார்டியை 16 வயதில் உருவம் போதாது என்று ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப் அனுப்பிவிட்டது, 2016-ல் அவர் லெஸ்டர் கிளப்புக்கு பிரீமியர் லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்த அணியில் இருந்தார். கிரீஸ்மானைப் பிரெஞ்சு அகாடமிகள் வரிசையாக வேண்டாம் என்றன, ஸ்பெயினுக்குப் போய் வளர்ந்தவர் 2018-ல் பிரான்ஸுக்காக உலகக் கோப்பை வென்றார். பெல்ஜியம் கால்பந்து சங்கம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டு, தாமதமாக வளரும் பையன்களுக்கென்றே தனி இளையோர் அணி வைத்திருக்கிறது. உங்களால் தனி அணி வைக்க முடியாது, சரி. அவனைச் சில மாதங்கள் ஒரு வயதுப் பிரிவு கீழே ஆட விடலாமே, விதி அனுமதித்தால்? நட்பு ஆட்டங்களில் கண்டிப்பாக முடியும். பெரிய பையன்களிடம் மோதிப் பிழைப்பதற்காக அவன் கற்றுக்கொண்ட தந்திரம், முன்கூட்டியே யோசிக்கிற பழக்கம், இதெல்லாம் உயரம் வந்தபிறகும் அவனிடமே இருக்கும். அதைப் பின்னால் யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. 15 வயதுப் பையன் பெரியவர்களோடு பயிற்சிக்குப் போகிறான் என்றால் உடைமாற்றும் அறை தனியாக இருக்க வேண்டும், பயண அறையைப் பெரியவர்களோடு பகிரக் கூடாது, பயிற்சியாளர் அவனுக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது, பெற்றோரும் இருக்கும் குழுவில்தான் அனுப்ப வேண்டும். நல்ல மனிதர்கள்தானே என்று எண்ணி இதைத் தளர்த்தவே வேண்டாம்.

அப்பாவிடம் என்ன சொல்வது? அடுத்த 12 மாதத் திட்டத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்: எந்த மாதம் யாரோடு பயிற்சி, என்ன கற்றுக்கொள்கிறான், சீனியர் அணி எப்போது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை யார் உட்கார்ந்து பேசுவது. படிப்பும் அந்தத் தாளில் இருக்கட்டும், ஏனென்றால் அகாடமிப் பையன்களில் மிகப் பெரும்பாலோர் கால்பந்தில் சம்பாதிக்கப் போவதில்லை, இதை மறைத்துப் பேசுகிற கிளப்பை எந்தப் பெற்றோரும் நம்பக் கூடாது. தொழில்முறை ஒப்பந்தம் பேச்சு வந்தால், 18 வயதுக்குக் கீழே மூன்று வருடத்துக்கு மேல் போடுவதை ஃபிஃபா அனுமதிப்பதில்லை என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் நாளைக்கே சீனியர் அணி தருகிறோம் என்று சொல்லும் கிளப்புக்கு அவர் போனால் போகட்டும். ஆனால் போவதற்கு முன் இரண்டு கேள்வி அங்கே கேட்கச் சொல்லுங்கள்: போன வருடம் அப்படி ஏற்றிய பையன்கள் இப்போது எங்கே ஆடுகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் காயத்தில் இருக்கிறார்கள்.