தண்டம் கட்டி முடித்துவிடலாமா?

கேள்வி: என் தம்பி ஹட்டன் பக்கம் த்ரீவீல் ஓட்டுகிறான். சென்ற மாதம் 8ஆம் திகதி இரவு எட்டு மணிபோல ஒரு சார்ஜன்டும் இரண்டு கான்ஸ்டபிள்களும் ஸ்டாண்டில் வைத்து அவனை ஏற்றிக்கொண்டு போய், இரவு முழுக்க அடித்திருக்கிறார்கள். இடது காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை. அடுத்த நாள் பொலிஸாரின் கடமைக்கு இடையூறு செய்தான் என்று நீதவான் முன் நிறுத்தினார்கள். பிணையில் வந்துவிட்டான். காலை ஆறு மணிக்குத்தான் பிடித்தோம், ஓடும்போது கானுக்குள் விழுந்து அடிபட்டான் என்று பொலிஸ் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். ஸ்டேஷனில் எல்லாரும் ஒரே வாயாக அதையே சொல்கிறார்கள். ஏஎஸ்பி (உதவி பொலிஸ் அத்தியட்சகர்) அலுவலகத்தில் எங்களை விசாரித்தவரும் அந்த சார்ஜன்டோடு முன்பு வேலை செய்தவர்தான். இப்போது தோட்டத் தலைவர் மூலம் செய்தி அனுப்பியிருக்கிறார்கள்: இந்த மாதம் 15ஆம் திகதித் தவணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் சின்னத் தண்டத்தோடு முடியுமாம், வைத்தியச் செலவுக்கு 50,000 ரூபாய் தருவார்களாம். பொய் சொல்லிக் காப்பாற்றும் இத்தனை பேருக்கும் தண்டனை வாங்கிக் கொடுக்க என்ன வழி? (ஓர் ஆசிரியர்)

பதில்: மாஸ்டர், பதில் அச்சில் வரும்வரை நீங்கள் காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும் என்பதால் திகதி விஷயத்தைத் தொலைபேசியில் முன்பே சொல்லிவிட்டேன். இதே நிலையில் உள்ள மற்றவர்களும் படிப்பார்கள் என்பதற்காக முழுதாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். சார்ஜன்டின் குடிப்பழக்கம், ஏஎஸ்பி அலுவலகத்தில் உங்களை இரண்டு மணி நேரம் நிற்க வைத்தது, உங்கள் அம்மாவை அவமதித்தது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். வலிக்கத்தான் செய்யும். ஆனால் வழக்குக்கு அதில் ஒன்றும் தேவையில்லை. 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்திவிட்டார்கள், ஆகவே தாமதமாக நிறுத்தினார்கள் என்ற முறைப்பாட்டையும் விட்டுவிடுங்கள். எனக்கு வேண்டியது மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரே வரி: ‘தலைவர் இரவு ஒன்பதரைக்கு ஓஐசிக்கு (நிலையப் பொறுப்பதிகாரி) போன் எடுத்தார், காலையில் வாங்க பார்ப்போம் என்றார்.’

காலை ஆறு மணிக்குத்தான் கைது என்று புத்தகம் சொல்கிறது. அப்படியானால் பிடிக்காத ஆளைப் பற்றி முந்தின இரவு ஒன்பதரைக்கே ஓஐசி எப்படிப் பேசினார்? சக பொலிஸார் பொய் சொல்கிறார்கள் என்று நீங்கள் எவ்வளவு கத்தினாலும் அது உங்கள் வார்த்தைக்கு எதிராக அவர்களுடைய வார்த்தை. அந்த ஒரு அழைப்பு புத்தகத்தையே பொய்யாக்குகிறது. அதோடு, தன் நிலையத்துக்குள் நடப்பதைத் தெரிந்தும் தடுக்காத பொறுப்பதிகாரி தானும் உரிமை மீறலுக்குப் பொறுப்பாளி என்று உயர் நீதிமன்றம் 2003இல் ஸ்ரீயாணி சில்வா வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆக, ‘காப்பாற்றினார்கள்’ என்ற உங்கள் குறை சட்டத்தில் உயிர் பெறுவது இந்த ஓர் இடத்தில்தான்: ஓஐசியும் பிரதிவாதி. வாய் பேசாமல் நின்ற மற்ற கான்ஸ்டபிள்களை மறந்துவிடுங்கள்.

தலைவரின் போனில் அந்த அழைப்பு இன்னும் இருந்தால் திகதியும் நேரமும் தெரிகிற மாதிரி இன்றைக்கே படம் எடுங்கள். அவரிடம் சத்தியக்கடதாசியும் இன்றைக்கே வாங்க வேண்டும். சமரசச் செய்தியைக் கொண்டு வந்தவரும் அவர்தான் என்பதைக் கவனித்தீர்களா? அடுத்த வாரம் அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. நாளைக்கு வேறொரு பிள்ளையை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவர அதே ஓஐசியிடம்தானே அவர் போய் நிற்க வேண்டும்?

இனி, நான் மிகவும் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன்.

15ஆம் திகதிவரை பொறுங்கள், எல்லாம் அன்றைக்கு முடிந்துவிடும் என்கிறார்கள். சம்பவம் நடந்தது 8ஆம் திகதி. உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரு மாதம் என்பது உங்களுக்கே தெரியும், கடிதத்தில் எழுதியும் இருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தவணைக்கு ஒரு வாரம் முன்பே மாதம் முடிந்துவிடுகிறது. ஏஎஸ்பி விசாரணை நடக்கிறதே என்பது சாக்காகாது. பொலிஸின் உள்விசாரணைக்காகக் கடிகாரம் நிற்பதில்லை. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அந்த மாதத்துக்குள் முறைப்பாடு செய்தால் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது, உண்மை. ஆனால் முறைப்பாடு கொடுத்த துண்டை மட்டும் காட்டிவிட்டு அந்தச் சலுகையைக் கேட்டவர்களை நீதிமன்றம் திருப்பி அனுப்பியிருக்கிறது. உண்மையாகவே விசாரணை நடந்தது என்று காட்ட வேண்டும். கண்டி, பதுளை அலுவலகங்களில் ஒன்றுக்குப் போய் முறைப்பாட்டைக் கொடுங்கள், கொடுத்துவிட்டு மனுவையும் மாதத்துக்குள்ளேயே போடுங்கள். மனு தம்பியின் பெயரில், சட்டத்தரணி மூலம் போக வேண்டும். உங்கள் பெயரில் போகாது. செலவுக்கு வழியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

அப்புறம் அந்தத் தண்டம். எத்தனையோ பேர் ‘சின்னக் கேஸ்தானே’ என்று இதில்தான் விழுந்தார்கள். தம்பி கூண்டில் ஏறி ‘குற்றவாளி’ என்று சொன்னால் எதை ஒப்புக்கொள்கிறார்? பொலிஸாரை எதிர்த்துத் தடுத்தார் என்பதை. கைதை ஒருவர் பலவந்தமாக எதிர்த்தால் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு பொலிஸுக்கு அனுமதி தருகிறது. அதாவது காதுக் காயத்துக்கு அவர்களிடம் இன்று இருப்பது கான் கதை மட்டும். ஒப்புதலுக்குப் பிறகு நீதிமன்ற முத்திரையோடு இன்னொரு விளக்கத்தை நீங்களே கையில் கொடுத்துவிடுகிறீர்கள். சார்ஜன்டின் தோழர்கள் இத்தனை நாள் சேர்ந்து கட்டிய பொய்யைவிட அது பலமானது. இதற்கு 50,000 ரூபாய் மலிவு விலை.

இன்னொன்று. தம்பிக்கு என்ன வயது என்று எழுதவில்லை, இளைஞர் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டாருக்கோ துபாய்க்கோ போக நாளைக்கு பொலிஸ் அறிக்கை கேட்பார்கள். அப்போது இந்தத் ‘சின்னக் கேஸ்’ அதில் நிற்கும். ஸ்டாண்டில் இருக்கிற பையன்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

15ஆம் திகதி தம்பி சொல்ல வேண்டியது ‘சுற்றவாளி’, அதாவது குற்றம் செய்யவில்லை என்று. பொலிஸ் கொடுத்த அறிக்கையின் சான்றுபடுத்திய பிரதியை நீதிமன்றப் பதிவாளரிடம் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். கைது நேரம் ஆறு மணி என்பதை இனி யாரும் மாற்றி எழுதக் கூடாது.

நீங்கள் செய்திருக்கும் ஒரு காரியம் எனக்குக் கவலை தருகிறது: பெட்டிஷன்கள். ஜனாதிபதிக்கு, பொலிஸ் மா அதிபருக்கு, தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு, எம்பிக்கு. நகல்களைப் பார்த்தேன். முதலாவதில் அடித்தவர்கள் இரண்டு பேர். மூன்றாவதில் ஐந்து பேர். ஒன்றில் பொல்லு, இன்னொன்றில் வயர். கோபத்தில் கை ஓடியிருக்கிறது, புரிகிறது. பிரதிவாதிகளின் சட்டத்தரணிக்கு சார்ஜன்டைக் காப்பாற்ற வேறு சாட்சியே தேவையில்லை. உங்கள் பெட்டிஷன்களை வரிசையாக வைத்து வாசித்தால் போதும். இனி ஒன்றும் எழுத வேண்டாம். பேஸ்புக்கில் போட்டதை அழிக்கவும் வேண்டாம், மறைத்தார்கள் என்பார்கள். மேலும் போடாதீர்கள். தம்பி சொல்வது மட்டும், அவர் கண்ணால் பார்த்தது மட்டும், மனுவில் வரட்டும்.

ஏஎஸ்பி அலுவலகத்தில் அம்மாவிடம் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பம் வாங்கினார்கள் என்கிறீர்கள். ‘வாசித்துக் காட்டப்பட்டது, விளங்கிக்கொண்டேன்’ என்ற வரி அதன் கீழே கட்டாயம் இருக்கும். என்ன எழுதினார்கள் என்று அம்மாவுக்குத் தெரியாது என்பதை இப்போதே ஒரு சத்தியக்கடதாசியில் சொல்லிவைக்கலாம். மறுபடி கூப்பிட்டால், தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், அது உரிமை. மறுத்தால் கையொப்பத்துக்கு மேலே தமிழில், தன் கையாலேயே, ‘எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது’ என்று எழுதிவிட்டுக் கையொப்பம் வைக்கட்டும்.

வைத்திய ஆதாரம் எப்படி இருக்கிறது? தோட்ட டிஸ்பென்சரியில் 9ஆம் திகதி மாலை மருந்து எழுதிய துண்டு இருக்கிறது என்கிறீர்கள், நல்லது. ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் கான்ஸ்டபிள் நிற்கும்போது ‘எப்படி அடிபட்டது’ என்று டாக்டர் கேட்டால் நம் ஆட்கள் ‘விழுந்துட்டேன் சேர்’ என்பார்கள். அந்த வரி கட்டில் தலைமாட்டுக் குறிப்பில் ஏறிவிட்டால் பிறகு அழிக்க முடியாது. தம்பி என்ன சொன்னார் என்று கேளுங்கள். அப்படிச் சொல்லியிருந்தால் மனுவிலேயே காரணத்தோடு எழுதிவிட வேண்டும், அவர்கள் கண்டுபிடித்துக் கொண்டுவரும்வரை காத்திருக்கக் கூடாது. காதுக்குச் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும், காது மூக்கு தொண்டை நிபுணரின் அறிக்கையும் தேவை.

எல்லாருக்கும் தண்டனை என்று கேட்டீர்கள். சித்திரவதைக்கு எதிரான 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டனை 7 வருடம். வழக்குப் போடுவது சட்டமா அதிபர், நீங்களோ நானோ இல்லை. அந்த 7 வருடத்துக்குப் பயந்துதான் ஸ்டேஷனே ஒன்றாகச் சேர்ந்து நிற்கிறது என்பது என் எண்ணம். காலத்தையும் பாருங்கள். மிரிஹான பொலிஸ் சித்திரவதை வழக்கில் மனு 2011இல், தீர்ப்பு 2023 டிசம்பரில். அதில் பொறுப்பாளியாகக் காணப்பட்ட தேசபந்து தென்னகோன் அதன் பிறகும் பொலிஸ் மா அதிபராக நியமிக்கப்பட்டார், 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம்தான் நீக்கியது. அப்படிப்பட்டவர்களுக்கே இவ்வளவு காலம் என்றால் உங்கள் சார்ஜன்டை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே நேராகச் சொல்கிறேன்: சமரசம் வந்தால் ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் இப்போது வேண்டாம், தலைவர் வீட்டுத் திண்ணையில் வேண்டாம். மனு உயர் நீதிமன்றத்தில் விழுந்த பிறகு வருகிற சமரசம் வேறு ரகம். முதலில் இடையூறு வழக்கு வாபஸ் ஆகி, தம்பி விடுவிக்கப்பட்டார் என்று நீதவானின் வழக்கேட்டில் பதிவாக வேண்டும். பணம் நீதிமன்றப் பதிவின்படி வர வேண்டும், காசாகக் கையில் வாங்கக் கூடாது. ‘முறைப்பாடு பொய்’ என்று எதிலும் கையொப்பம் வைக்கக் கூடாது. பொலிஸுக்குப் பொய்த் தகவல் கொடுத்ததாகத் தண்டனைச் சட்டக் கோவையின் 180ஆம் பிரிவில் தம்பி மேலேயே வழக்குத் திரும்பும். இந்த நிபந்தனைகள் சரியாக இருந்து, தொகையும் காது வைத்தியத்துக்கும் வேலையிழப்புக்கும் தாங்குகிற அளவில் இருந்தால் வாங்கிக்கொண்டு தம்பியை வேலைக்கு அனுப்புங்கள். உங்கள் கோபத்துக்காக அவரைப் பத்து வருடம் கொழும்புக்கு பஸ் ஏற்ற வேண்டாம்.

மிரட்டல் வந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் மாறும். வத்தளை பொலிஸில் சித்திரவதைப்பட்ட ஜெரால்ட் பெரேராவுக்கு உயர் நீதிமன்றம் 2003இல் நட்டஈடு கொடுத்தது. மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டியிருந்த சில நாட்களுக்கு முன், 2004 நவம்பரில், அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இன்றைக்குப் பாதிக்கப்பட்டவர்கள், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கம். ஸ்டாண்டுக்கு யாராவது வந்து விசாரித்தால், வாகன இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு அன்றைக்கே உங்கள் சட்டத்தரணிக்குச் சொல்லுங்கள், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் எடுங்கள். தலைவரிடம் சொல்லி அனுப்ப வேண்டாம்.