தம்பியை ஒர்க்‌ஷாப்பில் சேர்க்கும் முன்

பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை அக்காவுக்கு வணக்கம். அப்பா போனபின் வீட்டில் கஷ்டம், 13 வயது தம்பியோ பள்ளிக்கு மட்டம் போட்டுப் பந்தின் பின்னால் ஓடுகிறான், ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் வேலந்தாவளம்தான். நானும் அப்படித் திரிந்தவன்.

உங்களுக்குப் பக்கத்து ஜில்லாவான திருச்சூரில் 1969-இல் பிறந்தவர் கால்பந்து வீரர் ஐ.எம். விஜயன். அவர் அப்பாவும் சின்ன வயதிலேயே போய்விட்டார். பந்தாட்டம் நடக்கும் திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்றார் பையன், பாட்டிலுக்கு 10 பைசா. அதே மைதானத்தில் கேரளா போலீஸ் அணியின் கண்ணில் பட்டு, பதினேழு பதினெட்டு வயதில் உள்ளே போனார். அப்புறம்தான் கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப், இந்திய அணியெல்லாம். 1999-இல் பூட்டானுக்கு எதிராக 12-ஆவது விநாடியில் கோல் போட்டார்!

இதைக் காட்டி உங்கள் தம்பியும் விஜயன் ஆவான் என்று சொல்ல மாட்டேன். சோடா விற்ற மற்ற பையன்கள் பேரை யார் எழுதினார்கள்? ஆனால் அவரைக் காப்பாற்றியது, காசு சம்பாதிக்கும்போதும் மைதானத்தை விட்டு விலகாததும், சம்பளம் தந்த ஒரு அணியும்தான்.

அதனால் ஒர்க்‌ஷாப்புக்கு முன் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்கு முயன்று பாருங்கள். அங்கே தேர்வு வைத்துத்தான் எடுப்பார்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி, படிப்பு எல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும். பிறப்புச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள். தமிழ் மீடியப் பையன் என்றால் மலையாளம் கொஞ்சம் பழகட்டும். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்கள், காசும் தருவார்கள். இந்த வயதில் வேண்டாம், முட்டி போய்விடும். எனக்குப் போனது அப்படித்தான்.