மாக்கி-எ பேனாவுக்கு ஏன் இவ்வளவு விலை?

தங்கத்தூளால் படம் தீட்டிய ஜப்பானிய மாக்கி-எ பேனா ஒன்றுக்கு லட்சக்கணக்கில் விலையா, தங்க நிப்புக்காகவா என்று கேட்டிருக்கிறீர்கள். நிப்பின் பங்கு சிறிதுதான். காசெல்லாம் மேல்பூச்சு வேலைக்கே போகிறது.

அந்தப் பூச்சுதான் உருஷி, ஒரு மரத்தின் பால். பச்சையாகத் தோலில் பட்டால் அரித்துத் தடித்துவிடும். வேடிக்கை என்னவென்றால், இது வெயிலில் காயாது. ஈரப்பதமுள்ள பெட்டிக்குள் வைத்தால்தான் இறுகும். எபோனைட் (கெட்டி ரப்பர்) உடலில் மெல்லிசாகப் பூசி, இறுகவிட்டு, கரியால் தேய்த்து, மறுபடி பூசுவார்கள். அப்புறம்தான் மாக்கி-எ: உருஷியாலேயே படம் வரைந்து, ஈரம் போவதற்குள் சிறு குழாயை விரலால் தட்டித் தட்டித் தங்கத்தூளைத் தூவுவது. படத்தில் மீன் இருந்தால், அதன் செதில் புடைத்துத் தெரிய அடியில் கரித்தூளும் உருஷியும் வைத்து உயர்த்த வேண்டும். மாதக்கணக்கில் ஆகத்தானே செய்யும்!

1930-களில் நமிக்கி என்ற ஜப்பானிய நிறுவனத்தின் இத்தகைய பேனாக்களை டன்ஹில் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் மேற்கு நாடுகளில் விற்றது. அச்சில் படம் பதித்த மலிவு வகைகளும் உண்டு, எனவே வாங்கும்போது கலைஞரின் கையொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள்.