ஸ்காட்லாந்தின் இரண்டாம் ஆரன் பிரபு ஜேம்ஸ் ஹாமில்டன் முறைப்படி பிறந்தவர்தானா?

முறைப்படிதான். ஏதோ தொடர் பார்த்துவிட்டு வந்து கேட்கிறீர்கள் போல, தப்பில்லை, ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்தாலே எனக்குச் சுருக்கென்று ஏறும்.

போன கோடையில் நண்பர்களோடு கின்னீல் மாளிகைக்குப் போயிருந்தேன். எடின்பரோவுக்கு மேற்கே போநெஸ் என்ற ஊரில் இருக்கிறது, ஆரன் கட்டிய வீடு. உள்ளே ஒரு அறைச் சுவரில் நல்ல சமாரியன் கதையை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். 1936இல் இடிக்கப்போன நேரத்தில் அது கண்ணில் பட்டதால்தான் கட்டடமே தப்பியது. நான் அதில் லயித்து நிற்க, கூட வந்தவர் "இந்த ஆள் முறைதவறிப் பிறந்தவராமே" என்றார். விடுவேனா? பெட்ரோல் ரசீதின் பின்பக்கம் கோடு போட ஆரம்பித்தேன்.

உச்சியில் அரசர் இரண்டாம் ஜேம்ஸ். அவர் மகள் மேரியை 1474இல் ஹாமில்டன் பிரபு மணந்தார். அவர்களுடைய மகன் வழிப் பேரன் ஆரன். மகள் எலிசபெத்துக்குப் பேரன் லெனாக்ஸ் பிரபு மாத்யூ. வில்லங்கம் ஆரனின் அப்பாவிடம்: முதல் மனைவி எலிசபெத் ஹோமைக் கட்டியபோது அந்த அம்மாவின் முந்தைய கணவர் உயிரோடு இருந்தார் என்று சொல்லி 1504இல் ஒருமுறை, 1510இல் மறுபடியும் திருமணத்தை ரத்து செய்து, 1516இல் ஜேனட் பீட்டனை மணந்தார். ஜேனட்டின் மகன்தான் இவர். அந்த ரத்து செல்லாது என்றால் இவர் வாரிசே இல்லை, இடம் லெனாக்ஸுக்கு.

1542 டிசம்பரில் ஐந்தாம் ஜேம்ஸ் இறந்து, பிறந்து ஆறே நாளான அவர் மகள் மேரி அரசியானதும் இது உயிர்ப் பிரச்சினை ஆகிவிட்டது. ஆரன் ஆட்சிப் பொறுப்பை ஏற்க, அடுத்த சில மாதங்களில் லெனாக்ஸ் பிரான்சிலிருந்து வந்து இறங்கினார். பழைய திருமண வழக்கைக் கிளறும் அதிகாரம் திருச்சபையிடம். 1543 செப்டம்பரில் ஆரன் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தக்காரர்களைக் கைவிட்டு, கத்தோலிக்கத் திருச்சபையின் பெருந்தலையான கார்டினல் பீட்டன் பக்கம் சாய்ந்ததற்கு இந்தப் பயமும் ஒரு காரணம் என்பேன். ஹாமில்டன் கட்சிக்காரன் என்று என்னை முத்திரை குத்த வேண்டாம், மனிதர் நிலையில்லாதவர்தான். ஆனால் 1543 நாடாளுமன்றமே அவரை அடுத்த வாரிசாக ஏற்றது. கடைசியில் லெனாக்ஸின் பேரன்தானே ஆறாம் ஜேம்ஸ் என்று சண்டைக்கு வராதீர்கள், அவருக்கு முடி அம்மா மேரியிடமிருந்து வந்தது.