கசிப்பு பற்றிய கேள்விகள்: ஓய்வுபெற்ற மதுவரி உத்தியோகத்தர் பதில் சொல்கிறார்

மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் மதுவரித் திணைக்களத்தில் வேலை பார்த்தவன் நான். கசிப்பு, அதாவது அனுமதியில்லாமல் கள்ளத்தனமாகக் காய்ச்சுகிற மது, பற்றி வாகரை தொடங்கி பொத்துவில் வரை கேள்விகள் வந்திருக்கின்றன. கேட்டவர்களின் பெயர்களை நானே எடுத்துவிட்டேன். ஏன் என்று முதல் பதிலில் தெரியும்.

கிரான் பக்கம், மாதர் சங்கத் தங்கச்சி: ஊருக்குள்ளேயே காய்ச்சுகிறார்கள். எல்லோரும் கையெழுத்து வைத்து மகஜராக முறைப்பாடு கொடுத்தால், கொடுத்தது யார் என்று மறுநாளே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. என்ன செய்வது, ஐயா?

முதலில் மகஜரை நிறுத்துங்கள் தங்கச்சி. ஊரே கையெழுத்து வைத்த மகஜர் என்பது காய்ச்சுகிறவன் கையில் நாமே கொண்டுபோய்க் கொடுக்கிற பெயர்ப்பட்டியல். அதற்கு எத்தனை பிரதி எடுப்பார்கள், எந்தெந்த மேசையில் கிடக்கும் என்று யோசித்தீர்களா?

தகவலை ஒருவர் மட்டும் வாயால் சொன்னால் போதும். பொலிஸ் அவசர இலக்கம் 119க்குச் சொல்லலாம், மதுவரி நிலையத்துக்குச் சொல்லலாம். உள்ளூர் நிலையத்தில்தான் கசிகிறது என்று சந்தேகமிருந்தால் அதைத் தாண்டி மாவட்டப் பொலிஸ் அத்தியட்சகர் அலுவலகத்துக்குப் போங்கள். ஒரு குற்றம் பற்றிய தகவல் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும்படி பொலிஸ் உத்தியோகத்தரைக் கட்டாயப்படுத்த முடியாது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு அது. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டாலும் அவர் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது, என்ன சொல்வது என்பது. "எங்கள் ஊரில் காய்ச்சுகிறார்கள்" என்றால் எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. கோடா பரல் (காய்ச்சுவதற்கு முன் புளிக்கவைக்கிற கரைசல் உள்ள பீப்பாய்) எந்தக் கண்ணாப் பற்றைக்குள் (கண்டல் புதருக்குள்) கிடக்கிறது, அடுப்பு எத்தனை மணிக்கு எரிகிறது, கசிப்புக் கான் எந்த வழியால், எந்த வாகனத்தில் வெளியே போகிறது, காவலுக்கு நிற்கிற பொடியன் எந்தச் சந்தியில் நிற்கிறான்: இந்த நான்கில் இரண்டு தெரிந்தாலும் வேலை நடக்கும்.

வவுணதீவு, இளைஞர் கழகத் தம்பி: நாங்களே போய்ப் பரலை உடைத்துவிட்டால் என்ன?

வேண்டாம். சான்று அழிந்துவிடும், வழக்கு உங்கள் மேல் வரும், கத்திக்குத்தும் வரலாம். படம் எடுத்து முகநூலில் போடுவதும் இதே கணக்குத்தான்.

கொக்கட்டிச்சோலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: சுற்றிவளைப்பு என்று செய்தி வருகிறது. பரல் பிடிபடுகிறது, ஆள் பிடிபடுவதில்லை. இது என்ன மாயம்?

சேர், மாயம் ஒன்றும் இல்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை நாங்கள் அந்த வழியால் படுவான்கரைக்கு (வாவியின் மேற்குக் கரைக்கு) வருவதென்றால் பாதையில், அதாவது வாகனம் ஏற்றுகிற மிதவையில், ஏறித்தான் வர வேண்டும். ஜீப் பாதையில் ஏறும்போதே அக்கரையில் சைக்கிள் ஒன்று கிளம்பும். பாலம் வந்தபிறகு எங்களுக்கு வேகம் கூடியது. அதற்குள் அவர்கள் கைக்கும் போன் வந்துவிட்டது.

இடம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வாவிக்கரைச் சேற்றில் பரலைக் கழுத்துவரை புதைத்து, மேலே பழைய கிடுகு, அதற்கு மேல் சருகு. பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். புளித்த கோடா நாற்றம் காற்று விழுந்த நேரத்தில் நிலத்தோடு படுத்துக் கிடக்கும். அதனால்தான் விடியப்புறம் போவோம். போனால் பரல் இருக்கும், செம்புக்குழாய் இருக்கும், அடுப்பில் சாம்பல் சூடாக இருக்கும், ஆள் இருக்கமாட்டான். நிலமோ அரச காணி. யாருடைய பரல் என்று எப்படி நிரூபிப்பது? அளந்து, மாதிரி எடுத்து முத்திரை வைத்து, மிச்சத்தை அங்கேயே ஊற்றிவிட்டு வருவோம். பத்திரிகையில் படம் வரும். ஒரு கிழமையில் வேறு பற்றைக்குள் புதுப் பரல்.

என் அனுபவத்தில் பரலைத் தேடுவதைவிடச் சீனியைத் தேடுவது மேல். நாற்பது வீடு உள்ள ஊரில் ஒரு கடைக்கு மூடை மூடையாகச் சீனியும், கூடவே ஈஸ்ட்டும் இறங்கினால் அந்த ஊரில் யாரும் பாண் சுடவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சீனி விற்பது குற்றமில்லைதான். ஆனால் அந்த மூடையின் பின்னால் போனால் காசு போட்டவனின் வாசலில் போய் நிற்கலாம். காட்டுக்குள் அடுப்பு ஊதுகிறவன் கூலிக்காரன். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவளும் அநேகமாகக் கைம்பெண் ஒருத்தி. தண்டப்பணத்தைக் கட்டுகிற முதலாளி அந்தப் பக்கமே வரமாட்டார்.

ஆலையடிவேம்பு, தம்பி ஒருவர்: சொன்னவர் பெயர் வெளியே வருமா?

முதல் பதில்.

வெல்லாவெளி, அரச ஊழியர்: அனுமதியுள்ள பார் ஒன்றை ஊரில் திறந்தால் கசிப்பு தானாக நிற்கும். இதை ஏன் யாரும் துணிந்து சொல்வதில்லை?

திருக்கோவில், அக்கா ஒருவர் (மேலே உள்ளதைப் பார்த்துவிட்டு): பார் திறந்த ஊரில் வந்து ஒரு மாதம் இருந்து பார்க்கச் சொல்லுங்கள் அவரை. இப்போது எங்களுக்கு இரண்டும் இருக்கிறது.

அக்கா சொல்வதுதான் நான் கண்டதும். தம்பி, கணக்கைப் பாருங்கள். ஒரு போத்தல் சாராயம் மூவாயிரத்துக்கு மேல். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது, மதுவரியும் கூடியது. கூலிக்குப் போகிறவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பானா? இது விலையோடும் முடியவில்லை. கசிப்பு விற்கிறவள் கடன் கொடுப்பாள். விடிய ஐந்து மணிக்கும் கதவு திறப்பாள். அறுவடை முடிந்ததும் காசுக்குப் பதில் நெல்லும் எடுப்பாள். எந்தப் பார்க்காரன் வயல் வட்டையில் விளையும் நெல்லை நம்பிக் கடன் கொடுப்பான்? கசிப்புக் கடன் ஒரு கொப்பியில் இருக்கிறது. அந்தக் கொப்பியைப் பிடித்தால் ஊரைப் பிடித்த மாதிரி. கணவன்மாரின் கசிப்புக் கடன் நின்றால், வீட்டுச் செலவுக்கு மனைவிமார் எடுக்கிற நுண்கடனும் குறையும்.

வெல்லாவெளி, அதே அரச ஊழியர்: அப்படியென்றால் கள்ளையாவது விடுங்கள். நம் மரம், நம் தொழில், உடம்புக்கும் கெடுதி இல்லை.

"கெடுதி இல்லை" என்பதை நான் வாங்கமாட்டேன். கள்ளும் மதுதான், குறைந்த அளவில். ஆனால் தொழில் என்ற பேச்சில் நியாயம் இருக்கிறது. மரத்தில் கள் இறக்க அனுமதி வேண்டும், விற்க வேறு அனுமதி வேண்டும். மரமேறுகிறவருக்கு அலுவலகம் அலுவலகமாக ஏறுவது மரமேறுவதைவிடக் கஷ்டம். பிடிக்கிற நேரத்திலும் கள்ளு முட்டியோடு நிற்கிற அவர்தான் முதலில் அகப்படுவார், சைக்கிளில் கானோடு போகிறவன் தப்பிவிடுவான். இந்த அநியாயத்தை நானும் பார்த்தேன். அதற்காகக் கள்ளுத் தவறணை வந்தால் கசிப்பு ஒழியும் என்று சொல்லவும் மாட்டேன். கள் அன்றைக்கே புளிக்கும், கானில் அடைத்து வைத்து விற்க ஏலாது. வியாபாரிக்கு வேண்டியது நாட்கணக்கில் கெடாமல் நிற்கிற சரக்கு.

திருக்கோவில், அக்கா: ஆண்கள் இருவரும் எதைக் குடிக்கலாம் என்றே பேசுகிறீர்கள்.

சரி அக்கா, நிறுத்திவிட்டேன். உங்கள் ஊரில் இன்னொரு பாருக்கு விண்ணப்பம் போனால் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் எதிர்ப்புக் கொடுங்கள். பள்ளிக்கூடமும் கோயிலும் எத்தனை மீற்றரில் என்று அளந்தே எழுதுங்கள். அந்த விஷயத்தில் மட்டும் மகஜர் நல்லது, அது ஆளைக் காட்டிக்கொடுக்கிற கடிதம் இல்லை.

வாகரை, தாதி ஒருவர்: கசிப்பு குடித்தால் கண் போகும் என்கிறார்களே?

சீனியைப் புளிக்கவைத்துக் காய்ச்சுவதில் மெதனோல் மிகக் குறைவு. வீரியம் ஏற்றுவதற்காகத் தொழிற்சாலை ஸ்பிரிட்டைக் கலந்தால்தான் அந்த ஆபத்து. கிருமிநாசினிக் கானில் அடைப்பதும் இருக்கிறது. குடித்துப் பல மணிநேரம் கழித்து, வெறி இறங்கியபிறகு பார்வை மங்கினால், வாந்தியோடு மூச்சு வாங்கினால் தூங்கவிடக்கூடாது. 1990 அம்புலன்சுக்கு அடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள். என்ன குடித்தார் என்று வைத்தியரிடம் மறைக்காதீர்கள்; பொலிசுக்குப் பயந்து மறைத்தால் ஆளே போய்விடும். மிச்சத்தை உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும்.

கோமாரி: போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் வீட்டில் வைத்துச் சாராயம் விற்கிறார்கள், அது கசிப்பு இல்லையே?

அனுமதி இல்லாமல் எந்த நாளில் விற்றாலும் குற்றம். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்றால் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமும் சேரும்.

மண்டூர்: கோயில் மடையில் சாராயம் வைப்பது சட்டப்படி சரியா?

பூசாரியாரிடம் கேளுங்கள்.

ஊர் சொல்லாத தம்பி: கோடாவுக்கு என்னென்ன எவ்வளவு போடுவார்கள், பொது அறிவுக்காகக் கேட்கிறேன்.

உங்கள் பொது அறிவு இப்படியே இருக்கட்டும்.

செங்கலடி: பெயர் சொல்லாமல் தகவல் கொடுத்தால் எடுப்பார்களா?

எடுப்பார்கள். இடமும் நேரமும் சொன்னால். இதை இனிமேல் யாரும் கேட்கவேண்டாம். பரலை உடைக்கவும் போகவேண்டாம்.