ரீமேப் செய்த பிக்கப்பில் இன்ஜின் போனது: டியூனிங் கடைமேல் வழக்குப் போட முடியுமா?

கேள்வி: எனக்கு ஒட்டன்சத்திரம். சொந்தமாக ஒரே ஒரு பி.எஸ்.6 டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன், நானேதான் ஓட்டுகிறேன். கொடைக்கானலுக்கு மளிகை, சிமென்ட் ஏற்றிப்போய், திரும்பும்போது காரட், உருளைக்கிழங்கு இறக்குவேன். லோடோடு மலையேற இழுவை போதவில்லை என்று வேறொரு ஊர் டியூனிங் கடையில் 38,000 ரூபாய் கொடுத்து ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றுவது) செய்தேன். "சாஃப்ட்வேர் மட்டும்தான் மாத்துறோம், வாரண்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவே அனுப்பினார்கள். பில் தரவில்லை, பணம் ஜிபேயில் போட்டேன். ஏழு மாதம் நன்றாக ஓடியது. போன மாதம் மலையில் இன்ஜின் நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில் பிரித்துப் பார்த்து, பிஸ்டன் உருகியிருக்கிறது, சைலன்சர் பக்கம் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டி.பி.எஃப். உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் கூடுதான் என்கிறார்கள். வாரண்டியும் கிடையாதாம். டி.பி.எஃப்.பை எடுக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லை. கடைக்காரர் ஓவர்லோடு என்று என்மேல் திருப்புகிறார். அடுத்த மாதம் எஃப்.சி. (தகுதிச் சான்று) வருகிறது. வழக்குப் போட்டால் நானே மாட்டிக்கொள்வேனா சார்?

பதில்: முதலில் ஒரு வேலை. இன்றைக்கே சர்வீஸ் சென்டருக்குப் போய், கழற்றிய பிஸ்டன், இன்ஜெக்டர், அந்த வெற்று டி.பி.எஃப். கூடு, ஈ.சி.யூ. என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர், எதையும் பழைய இரும்புக்குப் போடக் கூடாது என்று எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வண்டியைச் சீக்கிரம் ரோட்டில் ஏற்ற வேண்டும் என்ற அவசரத்தில் பலர் ஈ.சி.யூ.வில் கம்பெனி சாஃப்ட்வேரைத் திரும்ப ஏற்றிவிடுவார்கள். அந்த நிமிடமே உங்கள் வழக்கின் முக்கியமான சாட்சி அழிந்துவிடும். பழைய நிலைக்குக் கொண்டுவரத்தான் வேண்டும், ஆனால் உள்ளே இருப்பதைப் படித்து அறிக்கை வாங்கிய பிறகு.

அந்த அறிக்கையில் என்ன கேட்க வேண்டும்? கம்பெனி எழுதிய கோப்புக்கும் இப்போது இருக்கும் கோப்புக்கும் என்ன வித்தியாசம், டீசல் அளவும் டர்போ அழுத்தமும் எவ்வளவு கூட்டப்பட்டன, டி.பி.எஃப். சென்சார் எச்சரிக்கை அணைக்கப்பட்டிருக்கிறதா, இவை மூன்றும் வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் உங்களுக்கு உயிர்நாடி. பி.எஸ்.6 வண்டியில் டி.பி.எஃப்.பை வெறுமனே கழற்றிவிட்டு ஓட்ட முடியாது. டேஷ்போர்டில் விளக்கு எரியும், இன்ஜின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படி எதுவும் நடக்காமல் ஏழு மாதம் ஓடியது என்றால், கரிவடிகட்டி இல்லாததைக் கண்டுகொள்ளாதே என்று சாஃப்ட்வேரில் யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். கூட்டை எந்த மெக்கானிக்கோ வெட்டியிருக்கலாம் என்று கடைக்காரர் நழுவ முடியாது. எழுதியது அவர் கை.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். பயம் நியாயமானதுதான். ஆர்.சி.யில் பதிவான விவரங்களும், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களும் வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. ஆர்.சி.யில் குதிரைத்திறனும் ஒரு விவரம். 2019-ல் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இந்தப் பிரிவைக் கறாராகவே படித்தது. அதே ஆண்டு வந்த திருத்தம் 182ஏ என்ற பிரிவைப் புதிதாக மாற்றி எழுதியது. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காற்று மாசு விதியை மீறி ஓட்டினால் பிரிவு 190(2): முதல் முறைக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அதோடு மூன்று மாதத்துக்கு லைசென்ஸும் போகும். நடைமுறையில் பெரும்பாலும் அபராதத்தோடு முடியும். ஆனால் ஸ்டியரிங்தான் சோறு போடுகிறது என்றால், மூன்று மாதம் லைசென்ஸ் இல்லாமல் இருப்பது அபராதத்தைவிடப் பெரிய தண்டனை.

ஆனால் இங்கே ஒரு கோடு இருக்கிறது. ரீமேப் நீங்கள் கேட்டுச் செய்தது, அதை மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம். டி.பி.எஃப். எடுத்தது உங்களுக்குத் தெரியாமல் நடந்தது. சர்வீஸ் சென்டர் சொன்ன நாள்வரை உங்களுக்குத் தெரியாது, அன்றிலிருந்து தெரியும். அந்தத் தேதிக்குப் பிறகு வடிகட்டி இல்லாமல் ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் "எனக்குத் தெரியாது" என்ற வார்த்தையை நீங்கள் இழக்கிறீர்கள். அதனால் ஜாப் கார்டில் தேதியோடு அந்தக் கண்டுபிடிப்பை எழுதி வாங்குங்கள். இன்ஜினைச் சரிசெய்யும்போது புதிய டி.பி.எஃப். போட்டு, கம்பெனி சாஃப்ட்வேர் ஏற்றி, அந்த பில்லோடுதான் எஃப்.சி.க்குப் போக வேண்டும். வேலை முடியவில்லையென்றால் எஃப்.சி. தள்ளிப்போகட்டும், வண்டி நிற்கட்டும். பிரேக் இன்ஸ்பெக்டரைப் "பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் நீங்களாகவே ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. புகார் மனுவில் உண்மையை உள்ளபடி சொன்னால் போதும்.

சரி, வழக்கு. இது நுகர்வோர் ஆணையத்துக்கு உரியது. லோடு வண்டி வியாபார உபயோகம், நீங்கள் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே சொல்வார். அதற்கு 1995-லேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது, அதுவும் நம்ம கோவை பி.எஸ்.ஜி. தொடர்புடைய லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில். பிழைப்புக்காக லாரி வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான் என்று அந்தத் தீர்ப்பு உதாரணமே கொடுத்திருக்கிறது. ஒரே வண்டி, நானே டிரைவர் என்று நீங்கள் எழுதியிருப்பது இந்த இடத்தில் மிகவும் உதவும்.

கடை வேறு ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திண்டுக்கல் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த நல்ல வசதி இது. கொடுத்த கட்டணத்தை வைத்துத்தான் நீதிமன்றக் கட்டணம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. காலக்கெடு இரண்டு வருடம். வக்கீல் இல்லாமல் நீங்களே நடத்தலாம், ஆனால் இதில் தொழில்நுட்பச் சாட்சி இருப்பதால் ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது. பில் இல்லை என்பது பெரிய குறையில்லை, ஜிபே பதிவும் அந்தக் குரல் பதிவும் போதும். போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். பதிவைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-ன்படி ஒரு சான்றும் இணைக்க வேண்டும்.

கடைக்காரர் தரப்பில் இரண்டு வாதம் வரும். ஒன்று, சட்டவிரோத வேலைக்குப் போட்ட ஒப்பந்தம் செல்லாது, அதனால் பணம் கேட்க முடியாது என்பது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23 அப்படித்தான் சொல்கிறது. டி.பி.எஃப்.பை எடுக்கச் சொல்லி நீங்களே கேட்டிருந்தால் நான் வழக்கே வேண்டாம் என்றிருப்பேன். நீங்கள் கேட்டது ஒன்று, அவர் செய்தது வேறொன்று, சொன்னது பொய். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிகம் என்ற இரண்டு தலைப்பில் புகாரைக் கட்டுங்கள். இன்னொரு விஷயம்: மோட்டார் வாகனச் சட்டம் "டீலர்" என்ற சொல்லுக்குள் வண்டி பழுதுபார்ப்பவரையும் சேர்க்கிறது. 182ஏ முதல் உட்பிரிவில் விதிக்கு மாறாக வண்டியை மாற்றும் டீலருக்கு ஒரு வருடம் வரை சிறை, அல்லது வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். டியூனிங் கடையும் அதற்குள் வரும் என்பது என் வாதம். நோட்டீஸில் இதை எழுதினால் பேச்சுவார்த்தைக்கு வர வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது வாதம்தான் கனமானது, ஓவர்லோடு. டீசலும் காற்றழுத்தமும் கூட்டிய இன்ஜின் பழனி மலைப்பாதையில் லோடோடு ஏறும்போது எரிப்பறைச் சூடு எகிறும், பிஸ்டன் தலை உருகுவது அதனால்தான். ஆனால் பாரம் அதிகமானால் அந்தச் சூடு இன்னும் கூடும். உங்கள் எடை மேடைச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்குள் இருந்தால் அவையே உங்கள் பலம். மீறியிருந்தால் வழக்குப் போடுமுன் என்னிடமோ வேறு வக்கீலிடமோ மறைக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் அதிக பாரத்துக்கு மட்டும் 20,000 ரூபாயும், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதமும் அபராதம் உண்டு, ஆணையமும் நஷ்டஈட்டைக் குறைக்கும்.

வண்டிக் கம்பெனியை எதிர்த்தரப்பாகச் சேர்க்காதீர்கள். மாற்றி எழுதிய இன்ஜினுக்கு வாரண்டி மறுப்பதில் அவர்கள்மேல் தப்பில்லை. சர்வீஸ் சென்டர்காரர்கள் உங்கள் சாட்சி, அவர்களை எதிரியாக்க வேண்டாம். ஏ.சி., விளக்கு மாதிரி இதோடு தொடர்பில்லாத பாகத்துக்கும் மறுத்தால் மட்டும் எழுத்தில் காரணம் கேளுங்கள். 38,000 ரூபாய், இன்ஜின் செலவு, டி.பி.எஃப். செலவு, வண்டி நின்ற நாட்களின் வருமானம், இவற்றை மட்டும் கணக்கோடு கேளுங்கள். மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் என்றெல்லாம் போட்டால் மற்றக் கணக்கின்மேலும் நம்பிக்கை குறையும்.

இன்ஷூரன்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இயந்திரப் பழுது பாலிசியில் வராது, கிளெய்ம் போட வேண்டாம். அந்த ஏழு மாதத்தில் யாருக்காவது அடிபட்டிருந்தால், இன்ஜின் மாற்றத்தைக் காட்டி மூன்றாம் நபர் நஷ்டஈட்டைத் தட்டிக்கழிப்பது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எளிதல்ல, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 150 அனுமதிக்கும் காரணங்கள் சிலவே. உங்கள் வண்டிச் சேதத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

டி.பி.எஃப். பிடிப்பது மூச்சுக்குள் போகும் நுண்ணிய கரியை. மலைப்பாதையில் உங்களுக்குப் பின்னால் பைக்கில் குழந்தையை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏழு மாதம் அதைத்தான் மூச்சில் இழுத்தார்கள். உங்களுக்குத் தெரிந்து நடக்கவில்லை என்று நம்புகிறேன். அந்தக் கடையில் இதே வேலை செய்த மற்ற டிரைவர்கள் உங்கள் ஸ்டாண்டில் இருந்தால், வண்டியின் டி.பி.எஃப்.பைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களும் ஏமாந்திருந்தால், அவர்களுடைய வாக்குமூலம் உங்கள் புகாரோடு சேர வேண்டும்.